நுணலும் தன் தோலால் கெடும்

மழைக்கு மறுநாள் தார்ச்சாலையில் சக்கரம் ஏறிச் செத்த தவளைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தானாகச் செத்துக் கிடக்கும் தவளையை யாராவது பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. சின்ன உடம்பு, மெல்லிய எலும்பு. எறும்பும் ஈயும் நண்டும் ஒரே ராத்திரியில் வேலையை முடித்துவிடும். வெப்பமண்டலக் காட்டில் காலையில் செத்தது மாலைக்குள் காணாமல் போகும். உலகின் மலைக்காடுகளில் தவளைகள் கூட்டங்கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தது இருபது ஆண்டுகளாக யாருக்கும் பிடிபடாததற்கு இந்தச் சாதாரண விஷயமும் ஒரு காரணம். பிணம் கிடைக்காத இடத்தில் கொலையை யார் தேடுவார்கள்?

ஆய்வாளர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: போன வருஷம் இந்த ஓடையில் கத்திய தவளை இந்த வருஷம் கத்தவில்லை. 1989-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் ஊர்வன, இருவாழ்விகள் பற்றிய முதல் உலக மாநாடு நடந்தது. தவளை, தேரை, சாலமாண்டர் என்று நீரிலும் நிலத்திலுமாக வாழ்பவைதான் இருவாழ்விகள். பல நாட்டுக்காரர்கள் அங்கே ஒன்றுகூடிப் பேசிக்கொண்டபோதுதான், தன் ஊரில் மட்டும் நடக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தது எல்லா ஊரிலும் நடக்கிறது என்று தெரியவந்தது.

ஆஸ்திரேலியக்காரர்களிடம் ஒரு விசித்திரத் தவளையின் கதை இருந்தது. அதன் தாய் கருவுற்ற முட்டைகளை விழுங்கிவிடும். வயிற்றில் அமிலம் சுரப்பதை நிறுத்திவிட்டு, இரைப்பையையே கருப்பையாக்கி, வளர்ந்த குட்டித் தவளைகளை வாய்வழியாக வெளியே விடும். அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது 1973-ல். காட்டில் கடைசியாகப் பார்த்தது 1981-ல். அதே வகையில் இரண்டாவது இனம் ஒன்றுக்கு 1984-ல் பெயர் வைத்தார்கள். 1985-க்குப் பிறகு அதையும் காணோம். கோஸ்டா ரிக்காவின் மோன்டேவெர்டே மேகக்காட்டில் ஆரஞ்சு நிறத்தில் மின்னும் பொன்தேரை இருந்தது. 1987-ல் மழைக்குட்டைகளில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் கூடியது. மறு ஆண்டு விரல்விட்டு எண்ணும்படி ஆனது. 1989 மே மாதம் ஒரே ஓர் ஆண் தேரை வந்து உட்கார்ந்திருந்தது. அதுதான் கடைசி.

இவையெல்லாம் காடு வெட்டப்பட்ட இடங்கள் அல்ல என்பதுதான் குழப்பமே. பூச்சிமருந்து வாடையே அடிக்காத, அரசு வேலி போட்டுக் காத்த மலைச்சரிவுகள். அமில மழை, ஓசோன் ஓட்டை வழியே வந்த புற ஊதாக் கதிர், காற்றில் மிதந்துவந்த நச்சு என்று சந்தேகப் பட்டியல் நீண்டது. நோய் அந்தப் பட்டியலில் கடைசியில்தான் இருந்தது. அதற்கும் காரணம் உண்டு.

நோய் ஓர் இனத்தைக் குறைக்கலாம், பூண்டோடு அழிக்க முடியாது என்பதுதான் அப்போது பாடநூல் சொன்ன பாடம். யோசித்தால் சரி என்றுதான் படும். வெள்ளைக்கழிச்சல் வந்து தெருவே காலியானாலும் எங்காவது நாலு கோழி மிஞ்சும். கோழிகள் குறையக் குறைய ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் வாய்ப்பு குறையும், ஒரு கட்டத்தில் கிருமிக்கு ஏற வண்டி கிடைக்காது, நோய் அடங்கிவிடும். தன் வீட்டைத் தானே கொளுத்திக்கொள்ளும் கிருமி நிலைக்காது. இந்தக் கணக்கில் பெரிய தவறில்லை. ஒரே கிருமிக்கு ஒரே வீடுதான் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது, அவ்வளவுதான்.

பிணங்கள் கடைசியில் கிடைத்தன. 1993-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மலைக்காட்டு ஓடைகளில் கூர்மூக்கு ஓடைத்தவளைகள் சாகும்போதே ஆய்வாளர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ரிக் ஸ்பியரும் உடன் பணியாற்றியவர்களும் இது தொற்றுநோய்தான், அலைபோல் நகர்கிறது என்று 1996-ல் எழுதினார்கள். பலர் ஏற்கவில்லை. லீ பெர்கர் என்ற இளம் கால்நடை மருத்துவர் ஸ்பியரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, செத்த தவளைகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். ஈரல், நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. தோலைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் மட்டும் மேலடுக்குச் செல்களுக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ தெரிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பனாமாவிலிருந்து தவளை ஆய்வாளர் கேரன் லிப்ஸ் அனுப்பிய தவளைகளிலும் அதே உருண்டைகள். வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் செத்த நீல நச்சுத்தவளைகளிலும் அதே. 1998-ல் ஆஸ்திரேலியாவையும் மத்திய அமெரிக்காவையும் ஒரே நோயால் இணைத்த கட்டுரை வெளியானது. மெய்ன் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் லாங்கோர் அந்தக் கிருமியைத் தனியே வளர்த்துக் காட்ட, 1999-ல் அதற்குப் பெயர் வந்தது: பேட்ராக்கோகைட்ரியம் டெண்ட்ரோபேட்டிடிஸ். வாயில் நுழையாத பெயர். கைட்ரிட் பூஞ்சை என்றே இங்கே சொல்லிக்கொள்வோம். கைட்ரிட்டுகள் மண்ணிலும் நீரிலும் மகரந்தம், சருகு, பூச்சி ஓடு என்று மட்கவைத்துப் பிழைக்கும் சாதுவான கூட்டம். முதுகெலும்புள்ள உயிரைத் தாக்கும் ஒன்று அந்தக் கூட்டத்தில் இருக்கும் என்று அதுவரை யாரும் கண்டதில்லை.

தோல் என்ற உறுப்பு

பிளஸ் டூ விலங்கியல் ஆய்வகத்தில் மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்திக் குண்டூசி குத்திய தலைமுறைக்கு ஒன்று நினைவிருக்கும்: தவளை தோலாலும் மூச்சு விடும். அந்தப் பாடத்தில் அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றையும் தொடையின் உட்பக்கத்தையும் ஈரத்தில் அழுத்தி உட்கார்ந்து, தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. உப்பும் அப்படித்தான். சுற்றியிருக்கும் நீர் நன்னீர், உடம்புக்குள் உப்புநீர். சும்மா விட்டால் உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். சோடியத்தை நொடிக்கு நொடி உள்ளே இழுத்துப் போடும் வேலையைத் தோல் செய்கிறது. நமக்கு நுரையீரலும் சிறுநீரகமும் பங்கிட்டுச் செய்யும் வேலைகளில் பாதியைத் தவளைக்கு அந்த மெல்லிய சவ்வுதான் பார்க்கிறது.

பூஞ்சை வந்து உட்காருவது அங்கேதான். தண்ணீரில் ஒற்றை வால் ஆட்டி நீந்தும் நுண்வித்து ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அளவு. தானாக நீந்தினால் இரண்டு சென்டிமீட்டர் போவதே அதிகம். தோலைத் தொட்டதும் வாலை உதறிவிட்டு, செல்லுக்குள் வேர்விட்டு, குடம்போல் உப்புகிறது. நாலைந்து நாளில் குடத்துக்கு ஒரு குழாய் முளைத்துத் தோலுக்கு வெளியே நீள்கிறது. அதன் வழியாகப் புது வித்துகள் நீருக்குள் கொட்டுகின்றன. சில அதே தவளையின் தோலில் வேறோர் இடத்தில் மறுபடி ஒட்டுகின்றன. இப்படித்தான் ஒரே உடம்பில் தொற்று பெருகிப் பெருகிப் போகிறது.

தோலில் மட்டும் வாழும் ஒரு பூஞ்சை உயிரை எப்படி எடுக்கும் என்பது பத்தாண்டு காலம் புரியாமலே இருந்தது. நமக்குப் படர்தாமரை வந்தால் அரிப்புதான் வரும், சாவு வராது. ஜேமி வாய்ல்ஸ் தலைமையிலான குழு 2009-ல் விடை சொன்னது. நோயுற்ற பச்சை மரத்தவளைகளின் தோல் சோடியத்தை இழுக்கும் வேலையில் பாதிக்கு மேல் விட்டுவிட்டிருந்தது. இரத்தத்தில் சோடியம் சுமார் ஐந்தில் ஒரு பங்கும் பொட்டாசியம் பாதியும் குறைந்திருந்தன. அதன் பிறகு இதயம் தடுமாறி நின்றது. வயிற்றுப்போக்கில் உப்புச்சத்து இறங்கி ஆள் சாய்வது நம் வீடுகளில் தெரிந்த கதைதான். அந்த ஆய்வில் சாகும் தறுவாயில் இருந்த தவளைகளுக்கு உப்புக் கரைசலை வாயில் ஊட்டியும் பார்த்தார்கள். கிட்டத்தட்ட ஒரு நாள் கூடுதலாக உயிரோடு இருந்தன.

நோய் முற்றிய தவளை என்ன செய்யும் என்று களத்தில் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ராத்திரியில் நடமாட வேண்டியது பட்டப்பகலில் திறந்த பாறையில் வந்து உட்காரும். கால்களை உடம்போடு சேர்த்து மடக்காமல் அகட்டி வைத்திருக்கும். தோல் பட்டை பட்டையாக உரியும். மல்லாத்திப் போட்டால் திரும்பிக் கவிழத் தெரியாது. கையை நீட்டினால் ஓடாது.

இனி பாடநூல் கணக்குக்கு வருவோம். தவளைகள் செத்துக் குறைந்த பிறகும் பூஞ்சை ஏன் அடங்கவில்லை? இந்தப் பூஞ்சைக்கு வேண்டியது கெராட்டின் உள்ள தோல். நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் புரதம்தான் கெராட்டின். வளர்ந்த தவளையின் மேல்தோல் முழுக்க அது உண்டு. தலைப்பிரட்டைக்கு உடம்பில் கெராட்டின் கிடையாது. பாசியைச் சுரண்டித் தின்னும் வாய்ப்பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே தலைப்பிரட்டை வாயில் தொற்றை வைத்துக்கொண்டு, பெரிதாக நோகாமல் மாதக்கணக்கில் நீந்தும். குளிர்ந்த மலை ஏரிகளில் தலைப்பிரட்டையாகவே இரண்டு மூன்று வருஷம் இருக்கும் இனங்களும் உண்டு. கால் முளைத்து, வால் சுருங்கி, தோல் முதிரும் நாளில் வாயிலிருந்த பூஞ்சை உடம்பெங்கும் பரவும். கரையேறிய குட்டித் தவளை சில வாரங்களில் சாகும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்லி வைத்தவர்கள் கத்திக் காட்டிக்கொடுத்துக்கொள்ளும் தவளையை மனதில் வைத்துச் சொன்னார்கள். அந்தப் பழமொழிக்கு இப்படியும் ஓர் அர்த்தம் காத்திருந்தது.

தலைப்பிரட்டை போதாதென்று, தொற்றைச் சுமந்தும் சாகாத இனங்களும் அதே ஓடையில் இருக்கும். அமெரிக்கக் காளைத்தவளை அப்படி ஒன்று. அருகில் வாழும் அரிய தவளை பத்துதான் மிஞ்சியிருந்தாலும், அந்தப் பத்தையும் தேடிப் பிடிக்கப் பூஞ்சைக்கு வண்டி இருந்துகொண்டே இருக்கிறது. கிருமிக்குப் பல வீடுகள் இருக்கும்போது, அதில் ஒரு வீடு எரிந்தால் அதற்கு என்ன நஷ்டம்?

எல் கோப்பே

இந்த நோயின் வரவை முன்கூட்டியே கணித்துக் காத்திருந்து பதிவுசெய்த இடம் ஒன்று உண்டு. கேரன் லிப்ஸ் 1990-களின் தொடக்கத்தில் கோஸ்டா ரிக்காவின் தென்கோடி மலையில் தவளை ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவர் படித்துக்கொண்டிருந்த தவளை அவர் கண்முன்னே இல்லாமல் போனது. ஆய்வை எல்லை தாண்டி மேற்குப் பனாமாவின் ஃபோர்ட்டூனாவுக்கு மாற்றினார். 1996-97-ல் அங்கேயும் ஓடைக்கரையில் செத்த தவளைகள். இடங்களையும் ஆண்டுகளையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது கோடு தெளிவாக மேற்கிலிருந்து கிழக்கே போனது. அந்தக் கோட்டின் பாதையில் அடுத்து வரும் மலைக்காடு எல் கோப்பே.

அதனால் லிப்ஸ் எல் கோப்பேக்கு நோய் வருமுன்பே போய் உட்கார்ந்தார். அவரும் மாணவர்களும் பல ஆண்டுகள் ராத்திரி ராத்திரியாக நெற்றி விளக்குடன் ஓடைகளில் நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு தவளையையும் எண்ணினார்கள். தோலைப் பஞ்சால் ஒற்றிச் சோதித்தார்கள். பூஞ்சை இல்லை, இல்லை என்றே வந்தது. 2004 செப்டம்பர் வாக்கில் முதல் தொற்று தெரிந்தது. அடுத்த சில மாதங்களில் நூற்றுக்கணக்கான பிணங்களைப் பொறுக்கினார்கள். ஒன்றிரண்டு இனம் அல்ல. மரத்தில் வாழ்வது, ஓடையில் வாழ்வது, தரையில் வாழ்வது என்று வித்தியாசமே இல்லை.

ஒரு விஷயம் அங்கே மனதைப் பிசைகிறது. சாவுக்கு முன் சேகரித்து வைத்த திசுக்களின் மரபணுவை ஆய்வகத்தில் படித்து, ஆன்ட்ரூ கிராஃபோர்டும் லிப்ஸும் எல்ட்ரெட் பெர்மிங்காமும் 2010-ல் கணக்கு வெளியிட்டார்கள். எல் கோப்பேயிலிருந்து முப்பது இனங்கள் போய்விட்டன. அதில் ஐந்து, அறிவியல் இன்னும் பெயரே வைக்காதவை. இறந்த பிறகுதான் பிறந்ததே தெரிந்தது.

தலைப்பிரட்டைகள் போனதும் ஓடையின் நிறமே மாறியது. மேய ஆளில்லாமல் கற்களில் பாசி கனத்தது. தவளையையும் அதன் முட்டையையும் தின்று வாழ்ந்த பாம்புகளின் வகைகள் குறைந்ததை 2020-ல் எலிஸ் சிப்கின் குழு காட்டியது. கோஸ்டா ரிக்காவிலும் பனாமாவிலும் தவளைகள் சரிந்த மாவட்டங்களில், சரிவுக்குப் பிந்தைய சில ஆண்டுகள் மலேரியா நோயாளிகள் கூடினார்கள் என்று 2022-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. உச்சத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ ஒருவர் கூடுதல். கொசுப்புழுவைத் தின்னும் வாய்கள் குறைந்ததால் என்பது அவர்கள் தரும் விளக்கம். இந்தியாவிலும் தவளைக்கால் ஏற்றுமதி கொழித்த காலத்தில், வயலில் பூச்சி கூடுகிறது என்ற வாதம் எழுந்து, 1987-ல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது நினைவுக்கு வருகிறது. அங்கே நோய், இங்கே வியாபாரம்.

யார் கொண்டுவந்தது?

பழி முதலில் ஆப்பிரிக்கா மேல் விழுந்தது. லான்சலாட் ஹாக்பென் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய ஆய்விலிருந்து 1930-களில் ஒரு சோதனை பிறந்தது: நகத்தவளைப் பெண்ணுக்குக் கருவுற்ற பெண்ணின் சிறுநீரை ஊசி மூலம் ஏற்றினால், அது ஒரு நாளுக்குள் முட்டை இட்டுவிடும். பல ஆண்டுகள் உலக மருத்துவமனைகளின் கர்ப்பப் பரிசோதனைக் கருவி இந்தத் தவளைதான். ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறியது. அந்தத் தவளை பூஞ்சையைச் சுமக்கும், சாகாது. 1938-ல் பிடித்து அருங்காட்சியகத்தில் வைத்த ஒன்றின் தோலிலும் பூஞ்சை இருந்தது. கதை கச்சிதமாக இருந்தது. கச்சிதமாக இருந்ததாலேயே நானும் நெடுநாள் நம்பினேன்.

2018-ல் சைமன் ஓஹான்லன், மேத்யூ ஃபிஷர் உள்ளிட்ட பெரிய குழு உலகெங்கும் திரட்டிய பூஞ்சைகளின் மரபணுவை ஒப்பிட்டது. வகைகள் அதிகம் கலந்தும் பழமையாகவும் இருந்த இடம் கிழக்கு ஆசியா, குறிப்பாகக் கொரியத் தீபகற்பம். அங்குள்ள தவளைகள் பூஞ்சையோடு நெடுங்காலம் பழகியவை. நோய் என்று பெரிதாக எதுவும் இல்லை. அங்கிருந்து கிளம்பிய ஒரு கிளைதான் இருபதாம் நூற்றாண்டில் உலகைச் சுற்றி வந்து கொன்றது. பெரிய அளவில் தவளை வியாபாரம் தொடங்கிய காலமும் அதுதான்: செல்லப்பிராணி, சாப்பாடு, ஆய்வகம், மருத்துவமனை. பூஞ்சை தானே நீந்தினால் போவது இரண்டு சென்டிமீட்டர். மீதி தூரம் நாம் சுமந்தது.

சுமந்ததில் நல்லெண்ணமும் உண்டு. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஓர் அரிய மருத்துவச்சித் தேரையைக் காப்பாற்ற வளர்ப்பு மையத்தில் பெருக்கி, மீண்டும் ஓடைகளில் விட்டார்கள். அதே மையத்தில் தென்னாப்பிரிக்க நகத்தவளையும் இருந்தது. காப்பாற்றப் போனவர்கள் கையாலேயே தீவுக்குள் பூஞ்சை போனது. பின்னால் ஹைமே போஷ் குழு அந்த மலைக்குளங்களிலிருந்து தலைப்பிரட்டைகளை எடுத்து, பூஞ்சைக்கொல்லி மருந்தில் குளிப்பாட்டி, குளங்களை வடித்து, பாறைகளைக் கிருமிநாசினி போட்டுத் தேய்த்தது. 2015-ல் வெற்றி என்று அறிவித்தார்கள். வெட்டவெளியில் இந்தப் பூஞ்சையைத் துடைத்தெடுத்த முதல் முறை அதுதான். நீர்நிலைகள் குறைவான சின்னத் தீவு என்பதால் முடிந்தது. அமேசானைத் தேய்த்துக் கழுவ முடியாது.

நம் மலைகளில் நிலைமை என்ன என்ற கேள்வி வரும். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளில் பூஞ்சை இருப்பது 2011 முதல் பதிவாகிவருகிறது. நீலேஷ் தஹானுகர், கோயம்புத்தூரின் ஜூ அவுட்ரீச் அமைப்பைச் சேர்ந்த சஞ்சய் மொளூர் உள்ளிட்டோர் 2013-லும் 2015-லும் வெளியிட்ட ஆய்வுகளின்படி, இங்கே பரவலாகக் கிடைப்பது ஆசியாவுக்கே உரிய வகை. எல் கோப்பே மாதிரிக் கூட்டச் சாவு இங்கே பதிவாகவில்லை. பழைய குடித்தனக்காரனோடு ஒத்துப்போய்விட்டன என்று நினைக்க இடமுண்டு. ஆனால் ஆசியத் தவளை என்றாலே பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். ஊருக்குப் பழகிய வகை வேறு, உலகம் சுற்றித் திரும்பிவரும் கொலைகார வகை வேறு. வெளிநாட்டுத் தவளைகளை வண்ணமீன் கடைகளில் வாங்கிப்போய், சலித்ததும் குளத்தில் விடுகிறவர்கள் உண்டு. தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுகிறவர்களும் உண்டு. என் கவலை அங்கேதான். இந்தப் பூஞ்சைக்குப் பிடித்தது 17 முதல் 25 டிகிரி. சமவெளியின் கோடை அதற்கு ஒத்துவராது. ஊட்டியும் மூணாறும் வால்பாறையும் ஒத்துவரும்.

பூஞ்சை ஒன்றல்ல, நோயும் ஒன்றல்ல

2010 முதல் நெதர்லாந்தின் தென்கோடியில் உள்ள புண்டர்போஸ் காட்டில் கறுப்பு மஞ்சள் நெருப்புச் சாலமாண்டர்கள் மறையத் தொடங்கின. மூன்றே ஆண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போய்விட்டன. தோலில் ஓட்டை ஓட்டையாகப் புண். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் மார்ட்டெல், ஃபிராங்க் பாஸ்மான்ஸ் குழு 2013-ல் கண்டது கைட்ரிட்டின் சகோதரியை. அதற்கு வைத்த பெயரின் பொருளே சாலமாண்டர்தின்னி. இதுவும் ஆசியாவிலிருந்து செல்லப்பிராணிப் பெட்டியில் வந்தது. இதன் வித்துகளில் ஒரு வகை கெட்டியான உறைக்குள் நீர்மேல் மிதக்கும். வாத்தின் காலில்கூட ஒட்டும். சாலமாண்டர் வகைகள் வேறெங்கும் இல்லாத அளவு செழித்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே இந்தப் பூஞ்சை இன்னும் போய்ச் சேராத நிலையிலேயே, 2016 ஜனவரியில் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். நோய் வருமுன் கதவைச் சாத்தியது இந்தக் கதையில் அபூர்வம்.

பூஞ்சையோடு வைரஸும் உண்டு. 1980-களின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டனில் வீட்டுத் தோட்டக் குளங்களில் கோடையில் தவளைகள் தோல் சிவந்து, உள்ளே இரத்தம் கசிந்து செத்தன. அது ரானாவைரஸ். குளத்துக்காரர்கள் எழுதிப் போட்ட தகவல்களை வைத்து, பத்தாண்டு கழித்து அதே குளங்களுக்குப் போய் எண்ணியதில், நோய் தொடர்ந்த இடங்களில் தவளைகள் சராசரியாக 81 விழுக்காடு குறைந்திருந்தன. சில குளங்களில் பழைய எண்ணிக்கை திரும்பியும் இருந்தது. இந்த வைரஸ் மீனையும் ஆமையையும் தொற்றும். தவளை தீர்ந்தாலும் அதற்கும் வண்டி உண்டு.

மொத்தக் கணக்கு எவ்வளவு? பென் ஷீலி உள்ளிட்ட நாற்பதுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் 2019-ல் சொன்னது: கைட்ரிட்டால் குறைந்த இனங்கள் குறைந்தது 501, அவற்றில் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம், 124 இனங்கள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சரிந்தவை. பதிவான ஒரு நோயால் இத்தனை இனங்கள் சரிந்ததில்லை. அடுத்த ஆண்டே வேறு சிலர் இந்தக் கணக்கைக் கேள்வி கேட்டார்கள். பல இனங்களுக்கு நேரடிச் சான்று இல்லை, வல்லுநர் ஊகம்தான் இருக்கிறது என்றார்கள். அதில் நியாயம் உண்டு. பொன்தேரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது மறையத் தொடங்கிய 1987 வாக்கில் மோன்டேவெர்டேயின் மற்ற தவளைகளில் பூஞ்சை வந்துவிட்டதை அருங்காட்சியக மாதிரிகள் காட்டுகின்றன. அதே ஆண்டுகளில் எல் நினோ வறட்சியும் அந்தக் காட்டைக் காயவைத்தது. குட்டைகள் சுருங்கித் தேரைகள் நெருக்கியடித்ததும் தொற்றும் சேர்ந்தேதான் வந்தன. எது எவ்வளவு என்று பிரிக்க இன்று முடியாது.

1980 முதல் 2004 வரை இனங்களின் நிலை மோசமானதற்கு நோயும் வாழிட அழிவும்தான் 91 விழுக்காடு காரணம் என்று 2023-ல் வெளியான உலக மதிப்பீடு சொல்கிறது. 2004-க்குப் பிறகு பருவநிலை மாற்றம் முன்னே வந்துவிட்டது. நோய் பலமிழந்தது என்று அதைப் படிக்கக் கூடாது. அது கொல்லக்கூடிய மலைகளில் பெரும்பாலும் கொன்று முடித்துவிட்டது.

மிஞ்சியவை என்ன ஆயின என்பதுதான் இப்போது ஆய்வாளர்கள் இரவெல்லாம் விளக்கோடு நடப்பதற்குக் காரணம். பனாமாவின் பொன்தவளை அந்நாட்டின் அடையாளம். லாட்டரிச் சீட்டில்கூட அதன் படம் உண்டு. அருவி இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் முன்கையை ஆட்டிச் சைகை காட்டும். நோய் நெருங்கியபோது எல் வாயே ஊரில் வளர்ப்பு மையம் கட்டி முடியவில்லை. தவளைகளை ஒரு விடுதி அறைகளில் வைத்துக் காப்பாற்றினார்கள். இன்று அவை கண்ணாடிப் பெட்டிகளில் கையாட்டுகின்றன. காட்டில் 2009-க்குப் பிறகு கண்ணில் படவில்லை. அதன் நெருங்கிய உறவான இன்னொரு தவளையோ, தொலைந்தது என்று எழுதிவிட்ட பிறகு சில ஓடைகளில் தானே திரும்பி வந்தது. வாய்ல்ஸ் குழு 2018-ல் சோதித்தபோது பூஞ்சையின் கொடூரம் குறைந்திருக்கவில்லை. தவளைத் தோலின் சுரப்புதான் முன்பைவிடப் பூஞ்சையை நன்றாக எதிர்த்தது.

ஆஸ்திரேலியாவில் ஆன்டனி வாடில் வேறு வழி பிடித்தார். பூஞ்சைக்கு 30 டிகிரி ஆகாது. தவளைக்கு அது ஆகும். கட்டடக் கடையில் கிடைக்கும் பத்து ஓட்டைச் செங்கலுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து அடுக்கி, மேலே சின்னப் பசுமைக்குடில் ஒன்றைக் கவிழ்த்தார். குளிர்காலத்தில் மணித்தவளைகள் தாமாகவே வந்து ஓட்டைக்கு ஒன்றாக உட்கார்ந்து வெயில் காய்ந்தன. தொற்று இறங்கியது, ஒருமுறை இப்படித் தேறியவை அடுத்த தொற்றையும் தாங்கின. 2024-ல் வெளியான ஆய்வு இது.

கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில் ஏரி ஏரியாகக் காலியான மஞ்சள்கால் தவளை, யோசெமிட்டியின் சில ஏரிகளில் மட்டும் பூஞ்சையோடே வாழப் பழகிக்கொண்டது. ரோலண்ட் நாப்பும் உடனிருந்தவர்களும் அவற்றைப் பிடித்து, 2006 முதல் 2020 வரை, காலியாக இருந்த பன்னிரண்டு ஏரிகளில் கொண்டுபோய் விட்டார்கள். பெரும்பாலான ஏரிகளில் இனப்பெருக்கம் நடக்கிறது. அங்கே பிறந்த தவளைகளின் தோலை ஒற்றிப் பார்த்தால் பூஞ்சை இருக்கிறது. அவை பாறையில் ஏறி வெயில் காய்கின்றன. கையை நீட்டினால் தண்ணீரில் குதிக்கின்றன.